உப்பு விழுந்தால்தான் மணி

எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் இப்போது மின்னணுக் கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். கட்டுரையாளர் பேசத் தொடங்கியதும் பத்து நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடும். கடைசி நிமிடத்தில் எண்கள் சிவக்கும். பேசுகிறவர் யாரும் அதைப் பார்த்துப் பதறியதில்லை. அது அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. எதிர்ச்சுவரில் மாட்டலாமே என்று கேட்டேன். அங்கே முன்னாள் தாளாளர் இருக்கிறார் என்றார்கள். படமாக.

கடிகாரத்துக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு பெண்மணி. பெயரைச் சொல்லப் போவதில்லை, அச்சில் பார்த்தால் "அது எதுக்கு சார்?" என்று ஒரே வார்த்தையில் என்னை முடித்துவிடுவார். எல்லோருக்கும் அவர் அக்கா. முதல்வர் அவரைவிட ஆறு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். விடியுமுன் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி வேலை. வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பத்தரை மணிக்கு எங்கள் கேண்டீனில் டீ கேனோடு நிற்பார். பாதத்தில் மட்டும் உப்பு பூத்த வெள்ளை எந்தக் குளியலுக்கும் போகாமல் இருக்கும்.

நான் வரலாற்றுத் துறை. மூன்று ஆசிரியர்கள்; சில வருடங்களில் மாணவர்களும் இருப்பார்கள். பக்கத்து அறை வணிகவியல் துறையில் மாணவர்கள் நிற்க இடமில்லை. ஆகவே இரண்டு துறையும் சேர்ந்து ஆண்டுக்கொரு கருத்தரங்கு நடத்துவது என்று முடிவானது. பொருள், வணிகப் பண்பாட்டு வரலாறு. சாப்பாட்டுக்கும் கூட்டத்துக்கும் அவர்கள் பொறுப்பு, வரலாற்றுக்கு நாங்கள். புதுச்சேரியிலிருந்து ஒரே ஒருவர் பஸ் ஏறி வந்துவிட்டால் மாநில எல்லை தாண்டியாயிற்று, அழைப்பிதழில் 'தேசியக் கருத்தரங்கு' என்று போட்டுக்கொள்வோம். ஒரு வருடம் கொழும்பிலிருந்து ஒருவர் ஜூமில் வந்து, "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று பத்து நிமிடம் கேட்டுவிட்டு மறைந்துபோனார். அந்த வருடம் பன்னாட்டுக் கருத்தரங்கு.

எங்களுக்கு வாய்த்த ஒரே நோய் நேரம். மேசையில் பித்தளை மணி ஒன்று வைத்து, பக்கத்தில் ஒரு மாணவனை உட்கார வைப்போம். அவன் பயந்துபோய் மணியைத் தொடாமல், 'நேரம் முடிந்தது ஐயா' என்று துண்டுச்சீட்டு எழுதி நீட்டுவான். பேராசிரியர்கள் அதைப் படித்து, புன்னகைத்து, கட்டுரையில் பக்க அடையாளமாகச் செருகிக்கொள்வார்கள்.

அப்படித்தான் ஒரு வருடம் ஒரு மூத்த பேராசிரியர் 'கொசுறு: ஒரு மீள்வாசிப்பு' என்ற கட்டுரையோடு மேடையேறினார். காய்கறிக்காரரிடம் ஒரு கொத்து கறிவேப்பிலை இனாமாகக் கேட்டு வாங்குவதில் எவ்வளவு தத்துவம் இருக்க முடியுமோ அவ்வளவும் இருந்தது. முப்பத்தைந்து நிமிடமாக இருந்துகொண்டே இருந்தது. நான்கு சீட்டுகள் போய்விட்டன. அக்கா டீ கேனை இடுப்பில் அணைத்தபடி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கேனைக் கீழே வைத்தார். நேராக மேசைக்கு வந்தார். மணியின் தலையில் ஒரே அடி.

பேராசிரியர் வாக்கியத்தின் நடுவில் நின்றார். "யாரும்மா நீங்க?"

"டீ சார்."

"டீக்கா மணி அடிச்சீங்க?"

"டீ ஆறட்டும், சூடு பண்ணிக்கலாம். நீங்க சொல்ல வந்தது அப்பவே ஆயிடுச்சி சார். கேட்டு வாங்கினா கொசுறு, கேக்காம அவனா குடுத்தா விளம்பரம்னு சொன்னீங்களே, அங்கியே ஆயிடுச்சி. அப்பறம் சொல்றதெல்லாம் அதைக் கெடுக்குது."

முதல்வர் என் காதருகே, "ஏம்பா, போச்சா?" என்றார். பேராசிரியர் தன் தாள்களைப் புரட்டினார். அந்த வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கையில் இருபத்திரண்டு பக்கம். அவர் பெரிய மனிதர், சிரித்துவிட்டார். "டீ குடிக்கலாம்" என்று இறங்கிவந்தார். அடுத்த ஆண்டு அழைப்பிதழில் 'நேரக் கண்காணிப்பு' என்ற வரி சேர்ந்தது. அக்கா பெயருக்கு முன்னால் முனைவர் என்று அச்சகத்தில் தாங்களாகவே போட்டுவிட்டார்கள். நாங்கள் திருத்தவில்லை.

அவர் அடித்த மணிக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு கருத்தரங்குகள் ஆயின. ஒருவருக்கு இரண்டாவது நிமிடத்தில் விழும். இன்னொருவருக்கு அரைமணி ஆனாலும் விழாது. பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி, கடைத்தெருவில் முதல் போணியைப் பற்றிக் கட்டுரை படித்தாள். நன்றி சொல்வதிலேயே ஐந்து நிமிடம் போனது; அக்கா அசையவில்லை. பிறகு அவள், விடிந்ததும் வருகிற முதல் ஆளிடம் கடைக்காரர்கள் விலையைக் குறைத்தாவது கொடுத்துவிடுவதையும், இது தெரிந்தே தன் அம்மா பல் விளக்காமல் கடைக்கு ஓடுவதையும் சொன்னாள். டிங். பெண் திகைத்து, "அக்கா, இன்னும் கோட்பாடு இருக்குது" என்றாள். "இருக்கட்டும் கண்ணு. வீட்டுக்கு எடுத்துனு போ" என்றார் அக்கா.

ஆள் பார்த்து அடிக்கிற பழக்கமும் இல்லை. தாளாளர் வாழ்த்துரை வழங்க வந்தார். முதல் நிமிடத்தில் "இக்கருத்தரங்கு சிறக்க வாழ்த்துகிறேன்" என்றார். அப்படியே தன் சிங்கப்பூர்ப் பயணத்துக்குள் நுழைந்தார். டிங். முதல்வர் இருக்கையில் பாதியாகச் சுருங்கினார். தாளாளர் திரும்பிப் பார்க்க, அக்கா மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "வாழ்த்திட்டீங்க சார்."

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாத நாளும் ஒன்று உண்டு. எங்கள் நூலகர் காலமானபோது அதே கூடத்தில் இரங்கல் கூட்டம். பழக்கதோஷத்தில் மணி மேசையிலேயே இருந்தது, அக்காவும் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நூலகரோடு இருபது வருடம் ஒரே பஸ்ஸில் வந்த ஆசிரியர் பேசினார். பேச்சு உடைந்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூலகம் கணினிமயமான வரலாற்றைத் தொடங்கினார். மணி விழுந்தது. "இரக்கமே இல்லாத பொம்பள" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் அன்று அவர்மேல் கோபம். வெளியே வந்ததும், "அக்கா, இங்கெல்லாமா அடிப்பீங்க?" என்றேன்.

"தப்புதான் சார். அவரு அழுதாரே, அங்க அடிச்சிருக்கணும். லேட் பண்ணிட்டேன்."

வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு பக்கத்துக் குலதெய்வத்தையும் விசாரித்துக்கொண்டிருக்கையில், பையன் எழுந்துபோய்த் தன் தம்ளரைத் தானே கழுவி வைத்தானாம். அக்கா உடனே எழுந்து, "எங்களுக்குச் சம்மதம்ங்க, நாள் பாருங்க" என்றாராம். காபி இன்னும் எல்லோருக்கும் வந்து சேரவில்லை. தொலைபேசியில் விஷயம் முடிந்த கணம் இணைப்பு போய்விடும். "வச்சிடறேன்" எல்லாம் கிடையாது. புதிதாகப் பேசுகிறவர்கள் டவர் இல்லை என்று நினைத்து மறுபடி கூப்பிடுவார்கள். "அதான் சொல்லியாச்சே" என்று மறுபடி போய்விடும்.

இப்படிப்பட்டவரிடம் என் எதிர்காலம் போய் மாட்டிக்கொண்டது.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. துறைத்தலைவர் ஓய்வுபெறும் வருடம். சொந்தப் புத்தகம் வெளியிட்டவரைத்தான் அடுத்த தலைவராக்குவது என்று நிர்வாகம் விதி செய்தது. எனக்குப் புத்தகம் இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய சக ஆசிரியருக்கு இரண்டு இருந்தன. ஆனால் என்னிடம் பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருந்த ஒன்று இருந்தது: விளக்கு வைத்த பிறகு கடைகளில் உப்பு விற்பதில்லை என்கிற வழக்கத்தின் வரலாறு. வெள்ளைக்காரர் காலத்து உப்பு வரிக்கும், இருட்டில் நடந்த கள்ள விற்பனைக்கும் பயந்து உண்டானது அந்த வழக்கம் என்பது என் கண்டுபிடிப்பு. வணிக வரலாற்று நூல் வரிசை ஒன்றுக்குப் பதிப்பாசிரியராக இருந்த சென்னைப் பேராசிரியை அந்த வருடக் கருத்தரங்குக்குச் சிறப்பு விருந்தினர். கட்டுரையைக் கேட்டுவிட்டு, புத்தகமாக்கலாமா என்று சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் தலையசைத்தால் புத்தகம். புத்தகம் வந்தால் நாற்காலி. நடுவில் ஒரு பித்தளை மணி.

மூன்றாவது நிமிடத்தில் அடித்துவிட்டால்? ஆகவே கருத்தரங்குக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கு உப்பளத்துக்கே போய்விட்டேன். கையில் ஷூ, முழங்கால்வரை மடித்த பேண்ட், வரப்பில் தடுமாறுகிற நடை. தூரத்திலேயே ஒரு பெண் கூவினார்: "யாருக்கா அது, தண்ணியில உழப்போறாரு?"

"எங்க காலேஜ் வாத்தியாரு. தானா எழுந்துக்குவாரு, வுடு."

அக்கா ஒரு பாத்தியின் நடுவில் கணுக்கால் தண்ணீரில் நின்று, பாதத்தை அடியில் இழைத்து இழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடையைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டார். கீழே வெள்ளைவெளேரென்று உப்பு.

"ஏன்க்கா தண்ணியை விடறீங்க? இன்னும் நாலு நாள் நின்னா இன்னும் உப்பு வருமே?"

"வரும் சார். அது கசப்பு. உப்பு விழற வரைக்கும் தண்ணி கால்ல தண்ணி மாதிரி இருக்கும். விழுந்து முடிஞ்சா எண்ணெய் மாதிரி வழுக்க ஆரம்பிச்சிடும். அப்ப வெளிய விட்டுடணும். விடலன்னா அந்தக் கசப்பு, விழுந்த நல்ல உப்பு மேலயே போய் ஒட்டிக்கும். மொதலாளி தண்ணியில கண்ணாடிக் குழாயை மெதக்கவிட்டு டிகிரி பாப்பாரு. எனக்குக் காலே போதும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சும்மா யாரும் இங்க வர மாட்டாங்களே. இன்னா சார்?"

"நாளைக்கு நான் கட்டுரை படிக்கிறேன்."

"தெரியும். நோட்டீஸ்ல போட்டோ போட்டிருக்காங்க. பழைய போட்டோ."

"ஒரு இருபது நிமிஷம் மணி மேல கை வைக்காம இருந்தீங்கன்னா..." எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. இருந்தாலும் முடித்தேன். "எனக்கு இது ரொம்ப முக்கியம்க்கா."

"உப்பு விழலன்னா நான் ஏன் சார் அடிக்கப்போறேன்?"

வாக்குறுதி கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து திரும்பினேன். வரலாறு படித்தவனுக்கு ஒரு வாக்கியத்தை இரண்டு தரம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மேடையேறினேன். என் கட்டுரை முப்பத்தோரு பக்கம். முதல் ஏழு பக்கம் உப்பின் உலக வரலாறு. எட்டாம் பக்கத்தில்தான் இந்தியாவுக்குள் நுழைந்தேன். மரக்காணம் வர இன்னும் ஏழு பக்கம் இருந்தது. பத்து நிமிடம் கடந்தபோது மணி விழவில்லை. உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. இருபது நிமிடம் கடந்தபோது அக்காவை நன்றியோடு பார்த்தேன். முப்பது நிமிடம் ஆனபோது நன்றி கொஞ்சம் குறைந்தது. வணிகவியல் துறை வரவழைத்த வெஜிடபிள் பிரியாணியின் வாசனை கூடத்துக்குள் வந்து, எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனது. பேராசிரியை கையில் பேனா இருந்தது. எழுதவில்லை. அதன் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் பக்கம் முடிந்தது. "நன்றி, வணக்கம்" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. எங்கள் கூடத்தில் மணி விழுந்த பிறகுதான் கைதட்டுவது என்று எப்படியோ வழக்கமாகியிருந்தது. மணிக்கு முன் யாரும் மேடையிறங்கியதும் கிடையாது. அக்காவைப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில். முதல்வர் கண்ணால், புருவத்தால், கடைசியில் கழுத்தாலும் அவருக்கு ஜாடை காட்டினார். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"அக்கா, முடிஞ்சிடுச்சி" என்றேன் மைக்கில்.

"இன்னும் ஒண்ணும் விழலயே சார்" என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை; பேனாவை மூடி வைத்துவிட்டார். புத்தகம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. புத்தகம் போனால் நாற்காலியும் போகும். ஒரு மனிதனுக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது வருகிற ஒருவித நேர்மை எனக்கும் வந்தது.

"இருபத்தாறாம் பக்கத்தில், வரிக்குப் பயந்துதான் இந்த வழக்கம் வந்ததென்று சொன்னேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அங்கே போட்டிருக்கிற அடிக்குறிப்பு, பக்கத்து வரிக்கு உரியது" என்றேன்.

அக்காவின் வலது கை மடியிலிருந்து மேசைமேல் வந்தது. அவ்வளவுதான், மணிக்குப் போகவில்லை.

"கடைக்காரர்கள் பலரைக் கேட்டேன். லட்சுமி போய்விடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கிளியனூரில் ஒரு பெரியவர் மட்டும் வேறொன்று சொன்னார். உப்பு மூட்டையை அவர் கடைக்குள் வைப்பதில்லை, வைத்தால் ஈரம் கசிந்து மற்ற சாமான் கெடும். மூட்டை எப்போதும் வாசலில்தான் கிடக்குமாம். கடையைப் பூட்டிக்கொண்டு போனாலும் வெளியேயே கிடக்குமாம். 'திருட்டுப் போகாதா?' என்று கேட்டேன். 'விளக்கு வச்சப்புறம் உப்பை யாரும் விக்கறதுமில்ல, வாங்கறதுமில்ல சார். அந்த நேரத்துல மூட்டையில ஒருத்தன் கை வச்சான்னா, அவன் வாங்க வந்தவன் இல்லன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும்' என்றார்." இதுவரை இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அந்த வழக்கம்தான் மூட்டைக்குப் போட்ட பூட்டு."

டிங்.

கைதட்டல் வந்தது. பிரியாணிக்காகவும் இருக்கலாம், நான் ஆராயவில்லை. கீழே இறங்கியதும் பேராசிரியை கேட்டார்: "இதை ஏன் நீங்க எழுதல?"

"அடிக்குறிப்பு போட முடியாதுங்க மேடம். ஒரு கடைக்காரர் சொன்னது."

"கடை வழக்கத்தைக் கடைக்காரர் சொல்லாம வேற யார் சொல்லணும்? அந்த முப்பத்தோரு பக்கமும் வேணாம். இதை மட்டும் எழுதிக் கொடுங்க."

எழுதினேன். ஐந்து பக்கம் வந்தது. பலரும் எழுதிய தொகுப்பு நூலில் அதை முதல் கட்டுரையாகப் போட்டார். தொகுப்பு நூல் சொந்தப் புத்தகம் ஆகாது என்று நிர்வாகக் குழு தீர்ப்பளித்தது, இளையவர் துறைத்தலைவரானார். எனக்கு ஒரு வாரம் வருத்தம் இருந்தது. பிறகு, தலைவர்கள் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் அவர் முகத்தை ஒருநாள் பார்த்தேன். வருத்தம் போய்விட்டது. அந்த ஐந்து பக்கத்தைப் படித்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் இன்னும் எனக்கு எழுதுகிறார்கள். அந்த முப்பத்தோரு பக்கத்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மறு வருடம் அக்கா மகளோடு புதுச்சேரிப் பக்கம் போய்விட்டார். கல்லூரி கடிகாரம் வாங்கியது அதன் பிறகுதான்.

ஆனால் கருத்தரங்கு நடந்த அன்றைக்கு, சாப்பாடு முடிந்து எல்லோரும் சான்றிதழுக்கு வரிசையில் நின்றபோது, கேனைச் சாய்த்து டீ பிடித்துக்கொண்டிருந்த அவரிடம் போனேன். அவர் மணி அடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. உப்பிலேயே வாழ்கிறவர் வாயால் இன்னும் ஒரு வார்த்தை கேட்க ஆசை.

"அக்கா, அந்தப் பெரியவர் சொன்னது சரியாத்தான் இருக்கும், இல்ல? உங்க ஊர்ல எப்படி? விளக்கு வச்சப்புறம் கடையில உப்பு வாங்குவாங்களா?"

எதையும் பட்டென்று முடிக்கிறவர் கொஞ்சம் யோசித்தார். தம்ளரை என் கையில் கொடுத்தார்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் கடையில உப்பு வாங்கனதே இல்லியே."